உடைய வேண்டிய கயிறு

கப்பல் படுத்துவிட்டது என்று ஆள் வந்து சொன்னபோது நான் ஒரு திருகாணிக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். பட்டறைத் தச்சர் அதை ஒரு பீரங்கி வண்டியின் சட்டத்தில் முடுக்கியிருந்தார். தலையில் கூட்டல் குறி போட்ட, இந்தக் காலத்துத் திருகாணி. மேலே கறுப்புச் சாயத்தை அப்பிவிட்டால் என் கண்ணுக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டார் மனிதர்.

"இதை யாரும்மா குனிஞ்சு பாக்கப் போறாங்க?" என்றார்.

"நான் பாத்தேனே. நான் யாருமில்லையா?" என்றேன்.

அவர் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் துறைமுக அலுவலகத்து ஆள் மூச்சிரைக்க வாசலில் வந்து நின்றார். தலைமுடி எல்லாம் காற்றில் கலைந்து கிடந்தது.

"உங்க கப்பல்ம்மா... திடீர்னு ஒரு காத்து அடிச்சு..."

"சாஞ்சிருச்சா?"

"படுத்துருச்சும்மா. எழுந்திரிக்கல."

கையில் இருந்த திருப்புளி எங்கே விழுந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கப்பலில் என் மகள் இருந்தாள்.

நாங்கள் கட்டியது ஒரு ஸ்கூனர். பின்பக்கம் சாய்ந்த இரண்டு பாய்மரம், தண்ணீரை ஒட்டிய தாழ்ந்த உடம்பு, அளவுக்கு மீறிய பாய். இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால் போர்க்காலத்தில், அரசாங்கத்திடம் ஒரு சீட்டு வாங்கிக்கொண்டு எதிரி நாட்டு வணிகக் கப்பல்களைத் துரத்திப் பிடித்துச் சரக்கைச் சுருட்டுவதற்காகப் பணக்காரர்கள் இப்படிப்பட்ட கப்பல்களைக் கட்டினார்கள். முத்திரை குத்திய கொள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். துரத்துவதற்கு வேகம் வேண்டும். பெரிய போர்க்கப்பல் எதிரே வந்தால் ஓடித் தப்பவும் வேகம் வேண்டும். அந்த வேகத்துக்காக மற்ற எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தார்கள். பழைய வரைபடங்களை வைத்து அதுபோல் ஒன்றை அச்சு அசலாகக் கட்ட வேண்டும் என்று ஓர் அருங்காட்சியகம் ஆசைப்பட்டது. அசல் அசலாக இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. பட்டறையில் எனக்குப் பெயரே 'அசல்'தான். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர். எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும்.

கயிற்று வேலை முழுவதும் என் வீட்டுக்காரருடையது. வீட்டில் நான் பேசுவேன், அவர் கேட்டுக்கொள்வார். பட்டறையிலும் அதே கதைதான். ஒரே ஒரு தடவை, பாய்மரத்தைப் பிடிக்கும் கட்டுகளில் உள்ளே இரும்புக் கம்பி வைத்து மேலே சணலைச் சுற்றிவிடலாமா என்று கேட்டார். "எல்லாரும் இப்ப அப்படித்தான் பண்றாங்க. பாக்கறதுக்கு வித்தியாசமே தெரியாது" என்றார். அன்றைக்கு நான் ஆடிய ஆட்டத்தைப் பட்டறையே வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தது. அதன்பின் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒப்புக்கொண்டுவிட்டார் என்று நினைத்தேன்.

மகளைக் கப்பலில் எல்லாரும் 'அணில்' என்பார்கள். பாய்மரத்தில் ஏறி இறங்கும் வேகத்துக்கு வைத்த பெயர். வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது. கல்லூரியை முடித்துவிட்டு நேராக மாலுமியாகச் சேர்ந்தவள். போன மாதம் ஒரு சாயங்காலம் கயிறுகளுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தவள், நான் பலகையேறி வருவதைப் பார்த்ததும் கையில் இருந்த கயிற்றுத் துண்டு ஒன்றைத் தண்ணீரில் வீசினாள். துறைமுகத்தில் குப்பை போடுகிறாயா என்று அத்தனை பேர் முன்னாலும் அவளை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டேன். "சாரிம்மா" என்று சிரித்தாள். அவளுக்கு என்னிடம் சிரிக்க மட்டும்தான் தெரியும். கோபமெல்லாம் என் பங்குக்கே போய்விட்டது.

காலையில் வானம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. பாய்களைச் சோதிக்க ஒரு நடை போய்வருகிறோம் என்று கிளம்பினார்கள். இப்போது அலுவலகத்து மாடிப்படியில் ஏறும்போது ஜன்னல் கண்ணாடியெல்லாம் கடகடவென்று ஆடியது.

ரேடியோ அறை என்பது ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, கடலைப் பார்த்த ஒரு ஜன்னல். ரேடியோக்காரர் காதில் போட்டிருந்ததைக் கழற்றிவிட்டு ஒலிபெருக்கியைத் திறந்து வைத்திருந்தார். எனக்கு முன்பே என் வீட்டுக்காரர் வந்திருந்தார். தார் படிந்த கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் வயிற்றோடு கட்டிக்கொண்டு சுவர் ஓரமாக நின்றார். என்னைப் பார்த்தார்.

ஒலிபெருக்கியில் இரைச்சலுக்கு நடுவே கேப்டன் குரல். "இடது பக்கம் முழுக்கத் தண்ணிக்குள்ள. வலது பக்கம் மேல. எல்லாரும் மேல் விளிம்புல தொத்திக்கிட்டு இருக்கோம். ஆளுங்க எல்லாரும் இருக்காங்க. எனக்குக் கை ஒடஞ்சிருச்சு."

"அணில்?" என்று கத்தினேன். ரேடியோக்காரர் பொத்தானை அழுத்திக்கொண்டு அதையே கேட்டார்.

"இருக்கா. என் பக்கத்துலதான் இருக்கா."

மூச்சு விட்டேன். அடுத்த கேள்விக்கு அந்த மூச்சும் போதவில்லை.

"மீட்புப் படகு?" என்று கேட்டேன்.

ரேடியோக்காரர் ஜன்னலைக் காட்டினார். "முகத்துவாரத்துல நிக்குது. மணல்மேட்டு மேல அலை ஒடையுதும்மா. தாண்டப் போனா படகே குப்புறப் போயிரும். காத்து கொஞ்சம் அடங்கணும்."

"எப்ப அடங்கும்?"

அவர் என் முகத்தைப் பார்க்காமல் வானத்தைப் பார்த்தார். தெரிந்தால் சொல்ல மாட்டாரா?

"அதுவரைக்கும் இது தாங்காது" என்றது கேப்டன் குரல். "முன்பக்கத்து மூடி தெறந்து கெடக்கு. ஒவ்வொரு அலைக்கும் உள்ள தண்ணி போகுது. மிதவைப் படகு இடது பக்கம் கட்டியிருந்துச்சு. அது இப்ப எங்களுக்கு அடியில இருக்கு."

எல்லாரும் உயிர்காப்பு ஜாக்கெட் போட்டிருந்தார்கள். அதைக்கூட அசலில் இல்லை என்று ஆரம்பத்தில் எதிர்த்தவள் நான், தோற்றுப்போனேன், நல்லவேளை. ஆனால் ஜன்னல் வழியே தெரிந்த அந்தக் கடலில் ஜாக்கெட் உடம்பைத்தான் மிதக்க வைக்கும். உயிரைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. கப்பல் மிதக்கும்வரைதான் என் பெண் மிதப்பாள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அப்புறம் எப்படியோ மூளை வேலை செய்தது. இப்படிப்பட்ட கப்பல்கள் அந்தக் காலத்திலும் படுத்திருக்கின்றன. படுத்தபோது என்ன செய்தார்கள் என்று எனக்குத் தெரியும். என் வேலையே அதுதானே. ரேடியோக்காரர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினேன்.

"கேப்டன், பாய்மரத்தை விட்டுருங்க. பெரிய மரத்தைக் கடல்ல விட்டுருங்க. அது போனாத்தான் கப்பல் எழும்."

"எப்படி? மரத்தை வெட்டறதுன்னா பொழுது போயிரும்."

"மரத்தை வெட்ட வேண்டாம். கயித்துக் கட்டுங்களை வெட்டுங்க. வலது பக்கத்துக் கட்டுங்க எல்லாத்தையும்."

கப்பலை எழவிடாமல் பிடித்து வைத்திருந்தது பெரிய மரமும் அதில் நனைந்து கனத்துக் கிடந்த பாயும்தான். அது போய்விட்டால் அடியில் நிரப்பியிருக்கும் கற்களின் பாரம் கப்பலை நிமிர்த்திவிடும். மரம் தானாக நிற்பதில்லை; இருபக்கமும் தடித்த கயிறுகள் அதை இழுத்துப் பிடித்திருக்கின்றன. அந்த ஒவ்வொரு கயிற்றின் கால்மாட்டிலும், இரண்டு வட்டக்கட்டைகளுக்கு நடுவே, மெல்லிய சணல் கயிற்றைக் கோத்து இறுக்கியிருப்பார்கள். எலும்புக்கு மூட்டு மாதிரி. அந்த மூட்டில் கோடாரி விழுந்தால் போதும். வரிசையாக எல்லாம் அறுந்தால் மரம் தன் பாரத்திலேயே அடியில் முறிந்து போகும்.

"அசல்ல அப்படித்தான் பண்ணாங்க" என்றேன். "சுக்கான் பக்கத்துல கோடாரி மாட்டியிருக்கேன் பாருங்க. அதுக்குத்தான் அது அங்க இருக்கு."

பார்வையாளர்கள் காலில் இடித்துக்கொள்வார்கள், எடுத்துவிடலாம் என்று எத்தனையோ பேர் சொன்ன கோடாரி அது. விடவே மாட்டேன் என்றிருந்தேன். அந்த நிமிடம், சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்குள் ஒரு சின்னப் பெருமைகூட எட்டிப் பார்த்தது.

பின்னால் என் வீட்டுக்காரர் எதையோ பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்காரும் சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை.

"அணில் போறா" என்றார் கேப்டன். "இடுப்புல கயித்தைக் கட்டிக்கிட்டு விளிம்புலயே நகர்ந்து போறா. முதல் கட்டுக்குப் போயிட்டா."

அலை இரைச்சல். அப்புறம் மரத்தில் கொத்துவதுபோல் ஒரு சத்தம். இன்னொன்று. அடுத்தது வேறு மாதிரி இருந்தது. கணீரென்று, பாத்திரத்தில் கரண்டி விழுந்ததுபோல.

கேப்டன் ரேடியோவை அவள் பக்கம் நீட்டிப் பிடித்திருக்க வேண்டும். தூரத்தில் என் மகள் குரல் கேட்டது. "அம்மா! சணல் அறுந்துருச்சு, கட்டு அறுபடலம்மா! கயித்துலருந்து பொறி பறக்குது!"

சணலில் எப்படிப் பொறி பறக்கும்? எனக்கு உண்மையிலேயே புரியவில்லை. ஒரு முட்டாளைப்போல மைக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வெட்ட வேண்டாம்னு சொல்லு" என்றார் என் வீட்டுக்காரர். "கோடாரி மழுங்கிரும். உள்ள கம்பி இருக்கு."

"எதுக்குள்ள?"

"எல்லாத்துக்குள்ளயும். ஒவ்வொரு கட்டுலயும் சணலோட சணலா ஒரு கம்பிக் கயிறு ஓடுது. மேல சணலைச் சுத்தித் தார் பூசிட்டேன். சணல் அறுந்தாலும் அது தாங்கும்னு வச்சேன்." அவர் குரல் கொஞ்சம்கூட ஏறவில்லை. "அவ மேல ஏறுறா. மரம் விழுந்தா அவளும் விழுவா. உன்கிட்ட கேட்டுப் பாத்தேன். நீ ஆடுன. அதான் கேக்காம வச்சேன்."

என்னவெல்லாமோ கேட்டிருக்கிறேன் வாழ்க்கையில். இதைப்போல் ஒன்றை நான் கேட்டதில்லை. அந்த மனிதரைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. ஏனென்றால் அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். இந்தக் கப்பல்களைக் கட்டியவர்கள் பைத்தியக்காரர்கள் இல்லை. இவ்வளவு பாயை ஏற்றினால் ஒருநாள் தாங்காத காற்று வரும் என்று அவர்களுக்குத் தெரியும். அப்போது ஏதாவது ஒன்று உடைந்தாக வேண்டும். அது மரமாக இருக்கட்டும், கப்பல் பிழைக்கட்டும் என்றுதான் அந்தச் சணல் கட்டு. நாங்கள் கட்டியதிலும் வெறும் சணல் இருந்திருந்தால், காற்று அறைந்த அந்த நொடியே கட்டுகள் தெறித்து, மரம் முறிந்து கடலில் விழுந்திருக்கும். கப்பல் மொட்டையாகி நின்றிருக்கும். ஆனால் நின்றிருக்கும். மேலே யாரும் ஏறியிருக்கவில்லை, யார்மீதும் விழுந்திருக்காது. மகள் விழக்கூடாது என்று அவர் வைத்த கம்பிதான் மரத்தை உடையவிடாமல் பிடித்து, கப்பலையே இழுத்துப் படுக்கவைத்திருக்கிறது.

"அது ஒடையணுங்க" என்று கத்தினேன். "ஒடையறதுக்குத்தான் அது..."

"அம்மா! என்ன பண்றது? சொல்லும்மா!" என்று ஒலிபெருக்கி கத்தியது.

வாயை மூடிக்கொண்டேன். மைக்கை அவரிடம் நீட்டினேன். நான் படித்த எந்தப் புத்தகத்திலும் அவர் ஒளித்து வைத்த கம்பி இல்லை.

அவர் தார்க்கையால் மைக்கை வாங்கினார். "அணிலு, அப்பா பேசறேன். நல்லாக் கேளு. கீழ்க்கட்டைக்குப் பின்பக்கம் கையை விடு. தோல் சுத்தியிருக்கும். கிடைச்சுதா?"

"இருக்குப்பா."

"அதைக் கிழி. உள்ள ஒரு சேக்கிள் இருக்கும், கம்பியை மாட்டுற இரும்பு வளையம். அதோட திருகாணியைக் கழட்டினா கம்பி விட்டுரும். ஸ்பேனர் இருக்கா?"

"அம்மாதான் மேல ஸ்பேனரே வைக்க விடலியேப்பா."

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. உள்ளதைச் சொன்னாள், அவ்வளவுதான். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"பரவால்ல. கழுத்துல கூர்முளை மாட்டியிருக்கியா?" கயிற்றின் புரிகளைப் பிரிக்கிற கூரிய இரும்பு அது. அந்தக் காலத்து மாலுமி எல்லாரிடமும் இருந்தது. நானும் எல்லாருக்கும் ஒன்று மாட்டிவிட்டிருந்தேன். "திருகாணித் தலையில ஓட்டை இருக்கும் பாரு. முளையை அதுல விட்டு நெம்பு. அலை தூக்கறப்ப கட்டு கொஞ்சம் தளரும். அப்ப திருப்பு. இறுகறப்ப விட்டுரு. அவசரப்படாத."

அவசரப்படாதே என்று சொல்ல அவரால் எப்படி முடிந்ததோ. அவர் முழங்கால் மேஜைக் காலில் இடித்து இடித்து ஆடிக்கொண்டிருந்தது. மேஜைமேல் இருந்த தம்ளர் அதற்கேற்பத் தாளம் போட்டது. ரேடியோக்காரர் அதை மெதுவாக எடுத்துத் தரையில் வைத்தார்.

"வந்துருச்சு!" என்றாள் அணில். ஏதோ ஒன்று டங்கென்று அடித்து ஓய்ந்தது.

"அடுத்தது. சணலை வெட்டு, தோலைக் கிழி, திருகாணி."

இப்படியே முன்னாலிருந்து பின்னால் நகர்ந்தாள். நான் காதால் அவளைத் தொடர்ந்தேன். கோடாரிச் சத்தம், கொஞ்ச நேரம் இரைச்சல் மட்டும், அப்புறம் அவள் கூவல். ஒருமுறை கூவல் வரவே இல்லை. கேப்டன் "அலை மூடிருச்சு" என்றார். "இருக்கா, இருக்கா. இருமறா" என்றார் பிறகு. எனக்குத் தெரிந்த தெய்வங்களை எல்லாம் கூப்பிட்டு முடித்து, தெரியாத தெய்வங்களையும் கூப்பிட ஆரம்பித்திருந்தேன்.

"தண்ணி எவ்வளவு ஏறியிருக்கு?" என்று ரேடியோக்காரர் கேட்டார்.

"நாங்க உக்காந்திருக்கிற விளிம்பே தாழ்ந்துருச்சு" என்றார் கேப்டன். "சீக்கிரம்."

"அப்பா, இன்னும் ஒண்ணுதான். கடைசி. சுக்கான் பக்கத்துல இருக்கிறது" என்றாள் அணில். களைப்பில் வார்த்தைகள் குழைந்தன.

என் வீட்டுக்காரர் மைக்கை நெஞ்சோடு வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அந்தப் பார்வையை நான் பார்த்ததில்லை. உதவி கேட்கிற பார்வை.

"என்னங்க?"

"இதுவரைக்கும் எடுத்ததெல்லாம் சும்மா வந்துச்சு. மிச்சம் இருந்த கட்டுங்க பாரத்தை வாங்கிக்கிச்சு" என்றார். "இப்ப மொத்த மரமும் அந்த ஒரு கம்பியில தொங்குது. அதை விட்டா சாட்டை மாதிரி திரும்பி அடிக்கும். முன்னாடி நிக்கற ஆளை... சணல்னா அறுந்தாத் தொய்ஞ்சு விழும். கம்பி அப்படி இல்ல."

"தள்ளி நின்னு எடுக்க முடியாதா?"

"அங்க தள்ளி நிக்க இடம் எங்க இருக்கு?"

வேறு யாராவது எடுக்கட்டும் என்று எனக்கு வாய்வரை வந்தது. வந்ததை மறைக்க மாட்டேன். அங்கே இருந்த ஒவ்வொருவரும் யாரோ ஒருத்தி பெற்ற பிள்ளை என்பது தெரிந்தும் வந்தது. என் பெண்ணை விட்டுவிடு, வேறு யாரையாவது நிறுத்து. அந்த ஆசையை இப்போது நினைத்தாலும் குமட்டுகிறது. அவருக்கும் அதுவேதான் வந்திருக்க வேண்டும். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு அதைச் சொல்லாமல் நின்றோம்.

"அப்பா? இருக்கியாப்பா?"

அவர் பொத்தானை அழுத்தினார். "இருக்கேன்டா. கடைசி கட்டு. சணலை வெட்டாத, இரு. முதல்ல தோலைக் கிழி. அப்புறம்... அப்பா சொல்றதக் கேளு. முகத்தைத் திருப்பிக்கோ. உடம்பைக் கட்டைக்கு நேரா வைக்காத..."

"அப்பா."

"பேசாம கேளுடா..."

"இதுல கம்பி இல்லப்பா."

"இருக்கும்மா. தார்ல தெரியாது. நான்தான் வச்சேன். பின்பக்கம் கையை விட்டுப் பாரு."

"இல்லப்பா. நான் எடுத்துட்டேன்." மூச்சு வாங்கினாள். "போன மாசம் தார் பூசறப்பப் பாத்தேன். அம்மா எப்பவும் இந்தக் கட்டுமேலதான் கையை வச்சுக்கிட்டு நிப்பாங்க. கையில தட்டுப்பட்டா உன்னை உண்டு இல்லைன்னு பண்ணிருவாங்கன்னு பயந்து கழட்டிட்டேன். அம்மா வந்தாங்க, தண்ணியில போட்டுட்டேன். இது ஒண்ணுலதான் இருக்குன்னு நெனச்சேன்ப்பா. மத்ததுலயும் இருக்குன்னு தெரியாது."

அன்று அவள் வீசிய துண்டு என் கண்முன் விழுந்தது. 'தொபுக்'கென்று விழுந்து அப்படியே உள்ளே போனது. சணல் துண்டு ஒன்று கொஞ்ச நேரமாவது மிதந்திருக்க வேண்டாமா? ஒரு திருகாணித் தலையைக் குனிந்து பார்க்கிற கண் எனக்கு. குப்பை போட்டதற்குத் திட்டுகிற மும்முரத்தில் அதைப் பார்க்கவில்லை.

என் வீட்டுக்காரர் மேஜையைப் பிடித்துக்கொண்டார். மைக் அவர் கையிலிருந்து நழுவியது. நான் எடுத்தேன்.

"அணிலு! வெறும் சணலா? கண்டிப்பா வெறும் சணலா?"

"ஆமாம்மா. நீ கேட்ட மாதிரியேதான். அசல்."

"வெட்டு. ஒரே போடு. வெட்டு!"

கோடாரிச் சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. கேட்டது வேறு, ஒரு பெரிய வீட்டின் உத்தரம் முறிவதுபோல் நீளமாக ஒரு சத்தம். அப்புறம் கூச்சல். யார் யாரோ கத்தினார்கள். ரேடியோ கரகரத்துவிட்டு நின்றுபோனது.

ரேடியோக்காரர் கப்பலைக் கூப்பிட்டார். மறுபடி கூப்பிட்டார். ஜன்னலில் மழை அடிக்க ஆரம்பித்திருந்தது. கடல் எங்கே வானம் எங்கே என்று ஒன்றும் தெரியவில்லை. நானும் என் வீட்டுக்காரரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றோம். தொட்டுக்கொள்ளவில்லை. தொட்டிருந்தால் நான் அடித்திருப்பேனா அழுதிருப்பேனா என்று தெரியாது.

"எழுந்திருச்சு" என்றது கேப்டன் குரல். அழுதுகொண்டே பேசினார், அந்தப் பெரிய மனிதர். "பாதி முழுகின மாதிரி இருக்கு, ஆனா எழுந்திருச்சு. மூடியை அடச்சிட்டோம். தண்ணியை எறைச்சிட்டிருக்காங்க. எல்லாரும் இருக்கோம். அணில் இருக்கா. எல்லாரும்."

என் வீட்டுக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். ரேடியோக்காரர் தம்ளரில் மிச்சமிருந்த தண்ணீரை அவருக்குக் கொடுத்தார்.

காற்று அடங்கியபின் மீட்புப் படகு போய் அவர்களை ஏற்றி வந்தது. கப்பலை நாளை இழுத்து வருவதாகச் சொன்னார்கள். படித்துறையில் கூட்டம். நான் எல்லாரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போய் நின்றேன். அவள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஏறி வந்தாள். உள்ளங்கை இரண்டும் தோலுரிந்து கிடந்தன. உதடு நீலம். பற்கள் தந்தியடித்தன. அவளைக் கட்டிக்கொண்டபோது எலும்பு வரை நடுங்குவது தெரிந்தது.

"அம்மா" என்றாள் என் காதில். "அப்பாவைத் திட்டாதம்மா."

கடலிலிருந்து ஏறி வந்து என் மகள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான். அத்தனை நேரம் அந்த அலைகளில் தொங்கிவிட்டு வந்தும், அவளுக்குப் பயம் என்னைப் பார்த்துத்தான்.

"திட்டலடி" என்றேன். "யாரையும் திட்டல."

அவளை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். கேப்டனின் கையைக் கட்டிவிட்டுக் கிளம்பலாம் என்றார்கள். என் வீட்டுக்காரர் அவளிடம் வந்து தலையைத் தொட்டுவிட்டுத் திரும்பி, கப்பல் கயிறு கட்டும் இரும்புக் குற்றியில் போய் உட்கார்ந்தார். நான் அவர் பக்கத்தில் போய் நின்றேன்.

"மேல ரேடியோ ரூம்ல நீ என்னமோ சொல்ல வந்தே" என்றார், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே. "அது ஒடையணும்னு சொன்னே. பாதியில நிறுத்திட்டே."

"அப்படியா? ஞாபகமில்ல."

"சொன்னே. கம்பி இல்லாம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

எனக்குத் தெரியும். மரம் எந்த இடத்தில் முறிந்திருக்கும், எந்தப் பக்கம் விழுந்திருக்கும் என்பது வரை சொல்வேன். இந்தக் கப்பலைப் பற்றி யார் எதைக் கேட்டாலும் சரியான பதிலைச் சொல்லாமல் நான் விட்டதில்லை. கேட்காதவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். அவர் கைகளைப் பார்த்தேன். தாரும், நகக்கண்ணில் சணல் தும்பும். ஒவ்வொரு கம்பியையும் யாருக்கும் தெரியாமல் சுற்றிச் சுற்றி மூடிய கைகள்.

"இதேதான் ஆயிருக்கும்" என்றேன். "அவ்வளவு பெரிய காத்துங்க. சணலா இருந்தாலும் தாங்கி நின்னு, இதே மாதிரி சாஞ்சிருக்கும்."

அவர் தலையைத் தூக்கி என் முகத்தை வெகுநேரம் பார்த்தார்.

"அசல்ல அப்படியா?"

"ஆமா" என்றேன். "அசல்ல அப்படித்தான்."

ஆம்புலன்ஸ்காரர் கைதட்டிக் கூப்பிட்டார். என் வீட்டுக்காரர் என் தோளில் தார்க்கையை ஊன்றிக்கொண்டு எழுந்தார். இரண்டு பேரும் வண்டியை நோக்கி நடந்தோம்.